ஊசியும் அஸ்திரமும்
திருப்பூரிலிருந்து சூலூர் வரை

திருப்பூர் என்று சொன்னால் தமிழ் மக்களுக்கு இரண்டு விஷயங்கள் உடனே ஞாபகத்துக்கு வரும். ஒன்று குமரன், மற்றொன்று பனியன். 1932-ஆம் வருஷம் ஜனவரி 10-ஆம் தேதி இவ்வூர் வீதியில் போலீஸாரின் தடியடி பட்டு விழுந்து, மறுநாள் உயிர் நீத்த அந்த இளைஞரின் பெயர், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடனேயே வீதியின் பெயராக நம்மை எதிர்கொள்கிறது. அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பனியன்தான். மூட்டை மூட்டையாய்ப் பனியன் துணி ஏற்றிய வண்டிகள். 'டெய்லர் தேவை', 'செக்கிங் ஆள் தேவை' என்ற விளம்பரத் தட்டிகள். சந்துக்குச் சந்து தையல் இயந்திரங்களின் சப்தம்.

இந்தத் திருப்பூரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. நாம் இப்போது சொல்ல வந்தது வேறு ஒரு விஷயம். இந்த ஊருக்குத் தென்மேற்கே, ஒரு மணி நேரப் பஸ் பிரயாணத்தில், சூலூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நம் தேசத்தின் போர் விமானங்கள் இருக்கின்றன. பனியனுக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் ஒரு பனியன் கம்பெனிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

உடைந்த ஊசி

நூல், துணியாகி, சாயமேறி, வெட்டுப்பட்டு, பவர்டேபிளில் தைக்கப்பட்டு, கடைசியில் மேஜை மேல் வந்து விழுகிறது. அந்த மேஜையைச் சுற்றிப் பெரும்பாலும் பெண்மணிகளே நிற்கிறார்கள். இவர்கள் தைப்பதுமில்லை, வெட்டுவதுமில்லை. பார்ப்பதுதான் இவர்கள் வேலை. உருப்படியைத் திருப்புகிறார்கள், இழுத்துப் பார்க்கிறார்கள், கறை உண்டா, ஓட்டை உண்டா, தையல் விட்டிருக்கிறதா என்று கண்ணால் துழாவுகிறார்கள். இதற்குத்தான் 'செக்கிங்' என்று பெயர்.

இதைவிடக் கண்டிப்பான ஒரு வழக்கமும் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இருக்கிறது. தைக்கும்போது ஊசி உடைந்துவிட்டால், டெய்லர் புது ஊசியைத் தாமாகவே எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்க் காட்டவேண்டும். அவற்றைச் சேர்த்து வைத்து, முழு ஊசியும் வந்துவிட்டதா என்று பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டித் தேதியும் நேரமும் இயந்திரத்தின் எண்ணும் குறித்த பிறகுதான் புது ஊசி கிடைக்கும். எள்ளளவு முனை ஒன்று காணவில்லை என்றால், அந்த இயந்திரத்தின் அருகே இருந்த உருப்படிகள் எல்லாம் தனியே ஒதுக்கப்படும். எங்கேயோ கடல் கடந்த ஒரு தேசத்தில், ஒரு தாய் தன் குழந்தைக்கு அந்தச் சட்டையைப் போடும்போது ஊசி முனை குத்திவிடக் கூடாது அல்லவா?

மூட்டை கட்டுவதற்கு முன்பு உடுப்புகளை ஒரு யந்திரத்தின் வழியாக அனுப்புகிறார்கள். அதற்கு 'நீடில் டிடெக்டர்' என்று பெயர். இரும்புத் துணுக்கு ஏதேனும் இருந்தால் அது கூச்சல் போட்டு நின்றுவிடும். ஆனால் அந்த யந்திரமே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? கெட்டுப்போன காவற்காரன் குரைக்காத நாய் மாதிரி. திருடன் வரவில்லை என்று நாம் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். ஆகையால் குறித்த நேரத்துக்கு ஒருமுறை, சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புக் குண்டு பதித்த ஒரு சீட்டை அதன் வழியே அனுப்பி, கூச்சல் போடுகிறதா என்று பரீட்சை செய்கிறார்கள். சோதிக்கும் கருவிக்கும் ஒரு சோதனை!

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவோம்.

பல்லடம் சாலை

திருப்பூரிலிருந்து தெற்கே பல்லடம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் கோயமுத்தூருக்குப் போகும் திருச்சி ரோடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தச் சீமைக்கு ஒரு தனிச் செல்வம். அந்தக் காற்றில் தென்னந்தோப்புகள் தலையாட்டுகின்றன. தூரத்தில் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஊர்களை நெருங்கும்போதெல்லாம் விசைத்தறிகளின் 'தடக் தடக்' என்ற சப்தம் காதில் விழும். காரணம்பேட்டையைத் தாண்டியதும் சிறிது தூரத்தில் நீண்ட மதிற்சுவரும், முள்வேலியும், 'புகைப்படம் எடுக்கக் கூடாது' என்ற எச்சரிக்கையும் தென்படுகின்றன. அதுவே சூலூர் விமானப்படைத் தளம். அனுமதியின்றி உள்ளே போக முடியாது. போக முயலாமல் இருப்பதே விவேகம். ஆனால் வெளியே நின்றபடியே அண்ணாந்து பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. திடீரென்று வானத்தைக் கிழிப்பது போன்ற பேரொலி எழுகிறது. பஸ்ஸிலிருக்கும் வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் பேச்சைச் சற்றே நிறுத்தி, ஓசை அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.

இந்த இடத்தின் சரித்திரம் விசித்திரமானது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் சர்க்கார் இங்கே விமானத் தளம் அமைத்தார்கள். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்ற முழக்கம் எழுந்தது. அம்மாதக் கடைசியில் சுற்று வட்டாரத்துத் தேசபக்தர்கள் இந்த விமானத் தளத்துக்கே தீ வைத்தார்கள். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்து சாம்பலாயின. பிறகு நடந்த போலீஸ் கொடுமைகளையும் சிறைவாசங்களையும் பற்றி இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேசி வருகிறார்கள்.

யுத்தத்தின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படையினர் இத்தளத்தை உபயோகித்தார்கள். தங்கள் விமானத் தளங்களுக்குப் பறவைகளின் பெயரைச் சூட்டுவது அவர்கள் வழக்கம். கோயமுத்தூரில் இருந்த பழுதுபார்க்கும் ஸ்தலத்துக்குக் 'கருடன்' என்றும், சூலூர்த் தளத்துக்கு 'வைரி' என்றும் பெயர் வைத்தார்கள். வைரி என்பது ஒருவகை வேட்டைப் பறவை. தமிழில் அச்சொல்லுக்குப் பகைவன் என்றும் பொருள் உண்டு என்பதை அந்தத் துரைமார்களுக்கு யாராவது சொன்னார்களோ, இல்லையோ!

சுதந்திரத்துக்குப் பிறகு அதே ஓடுபாதை நம்முடையதாயிற்று. 1961 செப்டம்பரில் நம் கடற்படையின் 'ஹன்ஸா' விமானத் தளம் இங்கேதான் தொடங்கப்பட்டது. ஸீ ஹாக், வாம்பயர் என்னும் ஜெட் விமானங்கள் இங்கிருந்து பறந்தன. அவை பிரிட்டனில் உருவானவை. 1964-இல் ஹன்ஸா கோவாவுக்குப் போய்விட்டது. பின்னர் 2018 ஜூலையில், நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 'தேஜஸ்' விமானங்களுடன் விமானப்படையின் 45-ஆவது ஸ்க்வாட்ரன் பெங்களூரிலிருந்து சூலூருக்கு வந்து சேர்ந்தது. 2020 மே மாதத்தில் 18-ஆவது ஸ்க்வாட்ரனும் தேஜஸ் விமானங்களுடன் இங்கே புத்துயிர் பெற்றது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் தேசத்து விமானங்கள் இங்கே வந்திறங்கி நம்மவர்களுடன் கூட்டுப் பயிற்சி செய்தன. 1942-இல் அந்நியருடையது என்று தீ வைக்கப்பட்ட இடத்துக்கு அந்நிய தேசத்தார் விருந்தினராக வந்து போனார்கள். இதைக் காலத்தின் கூத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கைப்பெட்டியின் வேலை

போர் விமானம் என்றால் நமக்கு அதை ஓட்டும் வீரர்தான் கண்முன் வருவார். அவர் ஏறுவதற்கு முன்னால் அதன் வயிற்றடியிலும் இறக்கையடியிலும் குனிந்து வேலை செய்கிறவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. அவர்கள் கையில் தூக்கிக்கொண்டு வரும் ஒரு பெட்டியைப் பற்றியே இங்கே சொல்ல வேண்டும்.

தேஜஸ் விமானத்தில் ஆயுதங்களையும் பிற சாதனங்களையும் தொங்கவிட எட்டு இடங்கள் உண்டு. வீரர் விசையை அழுத்தியதும் ஏவுகணை கையால் அவிழ்த்து விட்டாற்போலப் புறப்பட்டுவிடுவதில்லை. விசையிலிருந்து சமிக்ஞை ஒரு கணிப்பொறிக்குப் போகிறது. அது, 'எந்த ஆயுதம், எந்த இறக்கை, பாதுகாப்புப் பூட்டுகள் திறந்திருக்கின்றனவா' என்று விசாரிக்கிறது. பிறகு கம்பிகளின் வழியாக ஆயுதத்துக்குச் செய்தி போகிறது. கடைசியில் சிறிதளவு மின்சாரம் ஒரு தீப்பொறியைக் கிளப்ப, ஆயுதம் விடுபடுகிறது. இத்தனை கம்பிகளும் இணைப்புகளும் வெயிலிலும் மழையிலும் அதிர்ச்சியிலும் நாள்தோறும் அடிபடுகின்றன. ஓரிடத்தில் ஈரம் புகுந்தாலும், ஒரு கம்பியின் உறை தேய்ந்தாலும் விபரீதந்தான்.

விபரீதம் இரண்டு விதம். வேண்டும்போது மின்சாரம் வராமற் போவது ஒன்று. வேண்டாதபோது வந்துவிடுவது மற்றொன்று.

இவற்றைக் கண்டுபிடிக்கவே அந்தப் பெட்டி. ஆயுதத்தை மாட்டுவதற்கு முன், ஆயுதத்தின் இணைப்பு பொருந்த வேண்டிய இடத்தில் பெட்டியின் இணைப்பைப் பொருத்துகிறார்கள். பெட்டி விமானத்திடம், 'நான்தான் ஏவுகணை' என்று வேஷம் போடுகிறது. விமானம் கேட்கும் கேள்விகளுக்கு ஏவுகணை சொல்லவேண்டிய பதிலைச் சொல்கிறது. ஒருவர் வீரரின் ஆசனத்தில் அமர்ந்து விசையை அழுத்த, கீழே பெட்டியில் விளக்கு எரிகிறது. மின்சாரம் சரியான அளவில், சரியான கம்பியில், சரியான நேரத்தில் வந்ததா என்பது தெரிந்துவிடுகிறது.

ஆனால் வெடிமருந்துள்ள நிஜ ஆயுதத்தை இணைக்கும் முன் செய்யும் சோதனை இதற்கு நேர்மாறானது. அப்போது பெட்டியில் விளக்கு எரியக் கூடாது! எல்லா விசைகளும் மூடியிருக்கும்போது, அந்தக் கம்பியில் துளி மின்சாரங்கூடத் திருட்டுத்தனமாக ஒளிந்திருக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் இணைப்பு. தீப்பொறி உண்டாக்கும் பகுதியை அளக்கும் கருவிகளும் அப்படியே. அளப்பதற்காக அவை அனுப்பும் மின்சாரம், ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்குக்கு மேற்படாது. அளக்கப் போய் வெடித்துவிட்டால் என்னாவது?

இந்தச் சோதனைக் கருவிகளைக் கைப்பெட்டிக்குள் அடக்குவதற்குக் காரணமும் உண்டு. யுத்தகாலத்தில் விமானங்கள் ஒரே தளத்தில் இருப்பதில்லை; எல்லைப்புறத்துச் சின்னஞ்சிறு ஓடுபாதைகளுக்கும் போய் நிற்கும். சோதனைச்சாலையை அங்கே பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். இந்த யோசனை புதிதல்ல. 1923-இல் பிரிட்டிஷ் தபால் இலாகா எஞ்சினியரான டொனால்ட் மகாடி என்பவர், பல கருவிகளைச் சுமந்து திரிந்து அலுத்துப்போய், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரே கருவியை உண்டாக்கினார். 'ஆவோமீட்டர்' என்ற அந்தக் கருவி உலகமெங்கும் பரவி, பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் பல தலைமுறைக்கு மாணவர்களின் கைப்பட்டது. இன்றைய பெட்டிகளுக்கு அதைப் பாட்டனார் என்று சொல்லலாம்.

ஒரு கணத்து மின்சாரம்

இவ்வளவு முன்ஜாக்கிரதை தேவைதானா என்று கேட்பவர்கள், 1967 ஜூலை 29-ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும்.

வியத்நாம் கடற்கரைக்கு அப்பால் டோங்கின் வளைகுடாவில், அமெரிக்காவின் 'பாரஸ்டல்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் நின்றது. மேல்தளத்தில் விமானங்கள் வெடிகுண்டுகளும் எண்ணெயும் நிரப்பிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றன. ஒரு விமானத்தில், வெளியிலிருந்து வந்த மின்சாரத்தை விட்டு, விமானத்தின் சொந்த மின்சாரத்துக்கு மாற்றினார்கள். அந்த ஒரு கணத்தில் மின்சாரம் சற்றே துள்ளியது. யாரும் விசையை அழுத்தவில்லை. ஆயினும் இறக்கையடியில் இருந்த ராக்கெட் ஒன்று பாய்ந்து, எதிரே நின்ற விமானத்தின் எண்ணெய்த் தொட்டியை உடைத்தது. தளம் முழுவதும் தீப்பரவியது. குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. 134 பேர் மாண்டார்கள்.

அந்த ராக்கெட்டின் மின் இணைப்பை, விமானம் புறப்படும் இடத்துக்கு வந்த பிறகே கொடுக்கவேண்டும் என்று விதி இருந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று அதை முன்கூட்டியே கொடுத்துவிடும் பழக்கம் கப்பலில் ஏற்பட்டிருந்தது. எதிரியின் குண்டு ஒன்றுகூட அந்தக் கப்பலின் மேல் விழவில்லை. சொந்த ஆயுதமே சொந்த வீரர்களை மாய்த்தது.

ஆகவே சூலூரின் மதிற்சுவருக்குள் பெட்டியுடன் குனிந்து நிற்கும் தொழிலாளியின் முதற் கேள்வி, 'இந்த ஆயுதம் வெடிக்குமா?' என்பதன்று. 'சொல்லும் வரையில் இது சும்மா இருக்குமா?' என்பதே. கதர் நெய்து அஹிம்சை பேசிய இந்தக் கொங்குச் சீமையில் நின்று யோசிக்கும்போது, இந்தக் கேள்வி மனத்துக்கு ஓர் ஆறுதலைத் தருகிறது. சுதந்திர தேசத்துக்கு ஆயுதம் வேண்டியிருக்கலாம். ஆனால் அடக்கத் தெரியாத ஆயுதம் எந்தத் தேசத்துக்கும் வேண்டாம்.

அளவுகோல் யாருடையது?

இனி நம் தேசத்துக்கே உரிய ஒரு பிரச்னையைப் பார்ப்போம். விமானத்தை அயல்நாட்டிலிருந்து வாங்கினால், அதைச் சோதிக்கும் பெட்டியையும் அங்கிருந்தே வாங்கவேண்டியிருக்கும். பெட்டி பழுதானால் திரும்பவும் அவர்களிடமே போகவேண்டும். அவர்களுக்கு நம்மேல் கோபம் வந்துவிட்டால்? இது வெறும் கற்பனை அல்ல. 1965 யுத்தத்தின்போது அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுத உதவியை நிறுத்தின. 1998 மே மாதத்தில் நாம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா மறுபடியும் தடை விதித்தது. தேஜஸ் விமானத்தைப் பறக்கவைக்கும் கணிப்பொறி முறைகளை அமெரிக்க நிறுவனத்தாருடன் சேர்ந்து சோதித்துக்கொண்டிருந்த நம் எஞ்சினியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 

அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. பெங்களூரில் 'இரும்புப் பறவை' என்று ஒரு சோதனைச் சாதனம் உண்டு. விமானத்தின் உள்ளுறுப்புகளையெல்லாம் தரையிலேயே நிஜ விமானத்தைப் போல அமைத்து, பறக்காமலே பறக்கவிட்டுப் பார்க்கும் சாதனம். அதில் மீண்டும் மீண்டும் பரீட்சித்தார்கள். 2001 ஜனவரி 4-ஆம் தேதி, விங் கமாண்டர் ராஜீவ் கோட்டியால் ஓட்ட, விமானம் முதன்முதலாக வானில் எழுந்தது. சோதிக்கும் சக்தி நம் கையில் இருந்தபடியால் தடை தோற்றது.

ஆயுதங்களின் கதையும் அப்படியே. தேஜஸிலிருந்து 2007-இல் ருஷ்யாவின் ஆர்-73 ஏவுகணையை விட்டுப் பார்த்தார்கள். 2017-இல் இஸ்ரேலின் டெர்பி. 2023 ஆகஸ்டில் கோவா கடலுக்கு மேலே நம்முடைய 'அஸ்திரா'. ஒரே இறக்கையின் கீழ் மூன்று தேசத்து ஆயுதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாஷை. சோதனைப் பெட்டி இந்தப் பாஷைகளை எல்லாம் பேசவேண்டும். அந்நிய ஆயுதத்தின் பாஷையை அதன் சொந்தக்காரர் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. அஸ்திராவின் பாஷையோ நாமே எழுதியது.

பெட்டி சுதேசியாக இருந்தால் மட்டும் போதுமா? பெட்டி காட்டும் ஒரு வோல்ட் உண்மையிலேயே ஒரு வோல்ட்தானா என்று பார்க்க வேண்டாமா? திருப்பூரில் இரும்புக் குண்டு பதித்த சீட்டைப் பார்த்தோமே, அதே கதைதான். கருவியை அதைவிடத் துல்லியமான கருவியோடும், அதை மேலும் துல்லியமானதோடும் ஒப்பிட்டுக்கொண்டே போனால், கடைசியில் புது டில்லியிலுள்ள தேசீய பௌதிக ஆராய்ச்சிசாலையில் போய் நிற்போம். நேருஜி 1947 ஜனவரியில் அஸ்திவாரக் கல் நாட்டி, சர்தார் படேல் 1950 ஜனவரியில் திறந்துவைத்த ஸ்தாபனம் அது. ஒரு தேசம் விடுதலை பெறும் வேளையில் தனக்கென்று சொந்த அளவுகோல் வேண்டும் என்று நினைத்தது சாமான்யமான காரியமா?

இந்த வேலைக்குக் கொங்குநாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. சூலூருக்குப் பக்கத்திலுள்ள கலங்கல் என்ற சிற்றூரில்தான் 1893-இல் ஜி. டி. நாயுடு பிறந்தார். அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-இல் நம் நாட்டின் முதல் சுதேசி மின்சார மோட்டாரைச் செய்தார்கள். அந்த வழியில் வந்த பட்டறைகள் பம்பும், மில் இயந்திரமும் செய்து, இன்று விமானத்தின் பாகங்களிலும் கைவைத்திருக்கின்றன. 2019 ஜனவரியில் அறிமுகமான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் பாதையின் ஐந்து மையங்களில் கோயமுத்தூரும் ஒன்று. சோதனை வசதிகளை உண்டாக்க மத்திய சர்க்கார் 2020-இல் 400 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். சிறு பட்டறைக்காரருக்குப் பொருளைச் செய்வது பெரிதல்ல. செய்ததைச் சோதித்து, 'சரி' என்ற முத்திரை வாங்குவதே பெருங்கஷ்டம். பொருள் செய்யும் கைகளுக்குப் பஞ்சமில்லாத இந்த வட்டாரத்தில், சோதிக்கும் சாலைகளும் அதே அளவுக்குப் பெருகவேண்டும்.

அந்தச் சாலைகளில் வேலை செய்ய யார் வருவார்கள்? கட்டடமும் கருவியும் பணம் கொடுத்தால் கிடைக்கும். 'யாரும் பார்க்கவில்லையே, இந்த ஒரு தடவை விட்டுவிடலாம்' என்று சொல்லாத மனம் கடையில் கிடைக்காது. அது வழிவழியாகப் பழகி வரவேண்டியது. உடைந்த ஊசியின் கடைசித் துணுக்குக் கிடைக்கும் வரையில் புது ஊசி கொடுக்க மறுக்கும் திருப்பூர்ப் பெண்மணிக்கு அந்த மனம் வாய்த்திருக்கிறது. அவளுடைய மகனோ மகளோ நாளைக்கு ஒரு கைப்பெட்டியுடன் விமானத்தின் இறக்கையடியில் நிற்கக்கூடும். அப்போது, அன்னை மேஜையருகில் நின்று செய்த காரியத்தைத்தான் தாமும் செய்கிறோம் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்கள் இதை இப்போதே அவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.